கொக்கியில் தொங்கிய பச்சைக் கோட்டு

பிலடெல்பியா
8 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

கோரின் எழுதுவது. நான் நலம். தலைவலி மாதம் ஒரு தடவைதான் எட்டிப் பார்க்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மேடைச் சாமான்களை இன்னமும் நீயே தூக்குகிறாயாம். யார் சொன்னது என்று முகத்தைச் சுளிக்காதே, தெல்மா அனுப்பிய பிறந்தநாள் அட்டையில் இருந்தது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பழைய வேலை மாதிரி காப்பீட்டுக்காரர்களுக்குக் கூட்டல் கழித்தல் போடுவது இல்லை. இது ஓர் ஆய்வு மையம். மாநிலத்தில் லாபநோக்கமில்லாமல் நடக்கும் நாடகக் குழுக்கள், பாடகர் குழுக்கள், சின்னச் சின்ன அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் கணக்கெடுக்கிறோம். எத்தனை பேர் பார்க்க வருகிறார்கள், எத்தனை பேர் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள், ஒரு மண்டபம் மூடினால் அந்தத் தெருவுக்கு என்ன ஆகிறது, எல்லாம். இதுவரை கலைக்காகக் கை நீட்டியவர்கள் கண்ணீரோடுதான் நீட்டினார்கள். கண்ணீரைப் பார்த்து இளகியவர்கள் வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் அக்கா. இப்போது நாற்காலியில் இருப்பவர்களுக்கு எண்கள் வேண்டும். அந்த எண்களை உங்களுக்காக நான் எடுத்துத் தரப் போகிறேன்.

முதலில் நம் ஊர்ப்பக்கம். உன் நாடகக் குழு, வெண்டலின் பாடகர் குழு, ரடிக் தம்பதியின் பொம்மலாட்டம், ஆற்றோரம் இருக்கும் மற்றவர்கள் எல்லாரும் சேர வேண்டும். நீ கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. எந்தக் குழுவின் பெயரும் வெளியே வராது, இது என் வாக்கு.

முழங்காலைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

உன் அன்புத் தங்கை,
கோரின்


வெல்டன்
20 செப்டம்பர் 1996

அன்புள்ள கோரி,

ஆசீர்வாதங்கள். முழங்கால் கிடக்கட்டும், அது மழை வருமா வராதா என்று சொல்ல உதவுகிறது. உன் தலைவலிக்கு நீ காலையில் காப்பியைத் தவிர எதுவும் சாப்பிடாததுதான் காரணம் என்று இருபது வருடமாகச் சொல்கிறேன்.

புது வேலைக்கு வாழ்த்து. வெளியூர் போன தங்கை ஊர்க்காரர்களுக்காக வேலை செய்கிறாள் என்று கேட்க நெஞ்சு நிறைந்தது. நேற்று ரொட்டிக் கடையில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். நான்காவது ஆள் தானே வந்து விசாரித்தார்.

ஆனால் எண்கள் என்று நீ சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே எண்ணிக்கை எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாதா, மறந்துவிட்டாயா? பாதிப் பேர் சீட்டு வாங்காமல் சமையலறைக் கதவு வழியாக வருகிறார்கள், அதனால் சீட்டை எண்ணிப் பயனில்லை. கொக்கியில் தொங்கும் கோட்டுகளைத்தான் தெல்மா எண்ணுகிறாள். எங்கள் மண்டபத்தில் மட்டுமில்லை, வெண்டல் அவள் புருஷன் என்பதால் பாட்டுக் கச்சேரியிலும், ரடிக் வீட்டுப் பொம்மலாட்டத்திலும் அவள்தான். எல்லாம் குளிர்காலத்தில்தான் நடக்கின்றன என்பதால் இந்தக் கணக்கு தப்புவதில்லை.

தப்புவது அதற்கப்புறம். ஹார்ட்விக் அறக்கட்டளை வருடா வருடம் அனுப்பும் பணத்தில்தான் நாங்கள் எல்லாரும் மண்டபத்தைச் சூடாக்கும் கொதிகலனுக்கு எண்ணெய் ஊற்றுகிறோம். அவர்களுக்கு எழுதும்போது மாவில் கொஞ்சம் சோடா போட்டு உப்ப வைப்போம். வெண்டல் பாடுகிறவர்களையும் கேட்கிறவர்களோடு சேர்த்துவிடுவார். கேட்டால், "பாடுறப்போ அவங்க காது என்ன மூடியா இருக்கு?" என்பார். லெயோலா ரடிக் கர்ப்பிணிகளை இரண்டாக எண்ணுவாள். "வயித்துக்குள்ள இருக்கிறதும் சிரிக்குதுடி, நான் பார்த்தேன்!" நான் மட்டும் யோக்கியமா? நடிகர்களை எண்ணுவேன், காவலுக்கு நிற்கும் தீயணைப்புக்காரரை எண்ணுவேன், எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பாதிரியாரை இரண்டு தடவை எண்ணுவேன்.

இன்னொன்றும் உண்டு. நீ பிலடெல்பியா போகும்போது விட்டுவிட்டுப் போன பச்சைக் கோட்டு ஞாபகமிருக்கிறதா? ஒவ்வொரு நாடகத்தன்றும் கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் அதை மாட்டிவிடுவேன். தெல்மா அதையும் எண்ணிவிடுகிறாள். நீ வந்திருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

உனக்காக எல்லாரிடமும் பேசுகிறேன். ஒன்று மட்டும் சொல். இந்த ஆய்வுக்குக் காசு கொடுப்பது யார்? எண்களைக் கடைசியில் படிக்கப் போவது யார்? வெண்டல் இதைத்தான் முதலில் கேட்பார்.

சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ.

உன் அக்கா,
பெர்னடெட்


பிலடெல்பியா
6 அக்டோபர் 1996

அன்புள்ள அக்கா,

நலம். காலையில் முட்டை சாப்பிடுகிறேன், நம்பு. உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வயிற்றுக்குள் சிரிக்கும் குழந்தை! பக்கத்து மேசைக்காரர் என்னவென்று கேட்டார், சொன்னேன், அவரும் சிரித்தார்.

அந்தக் கோட்டு இன்னும் இருக்கிறதா? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா, இந்தத் தடவை சோடா வேண்டாம். எல்லாரும் உப்ப வைத்தால் யாருடைய கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையான எண்ணிக்கை கிடைத்தால் அதை வைத்து நான் வாதாட முடியும். சின்ன ஊரில் சின்ன மண்டபத்தில் நாற்பது பேர் வருவது பெரிய நகரத்தில் நாலாயிரம் பேர் வருவதற்குச் சமம் என்று காட்ட முடியும். வெண்டலுக்கும் மற்றவர்களுக்கும் இது புரிய வேண்டுமானால் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நகரத்துக்காரி வந்து பேசுகிறாள் என்பார்கள்.

வெண்டலுக்கும் தெல்மாவுக்கும் என் அன்பு. இங்கே இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தங்கை,
கோரி


வெல்டன்
10 நவம்பர் 1996

அன்புள்ள கோரி,

சுகமா? இங்கே முதல் பனி விழுந்தது, முழங்கால் முன்னாடியே சொல்லிவிட்டது.

கூட்டம் போட்டேன். மாதா கோவில் கீழ்த்தளத்தில், பெண்கள் பியரோகிக் கொழுக்கட்டை பிடிக்கும் நாளில். கையில் மாவு இருக்கும்போது யாரும் எழுந்து போக முடியாது என்று கணக்குப் போட்டேன். உன் அக்காவுக்கும் புள்ளிவிவர மூளை உண்டு.

வெண்டல் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே கேட்டார்: "நிஜக் கணக்கு குடுத்தா அப்புறம் ஹார்ட்விக்காரன் போன வருஷத்துக் கணக்கோட வச்சுப் பார்க்க மாட்டானா? நாமெல்லாம் ஒரே வருஷத்துல பாதியாத் தேஞ்சு போன மாதிரி இருக்காதா, பெர்னி?"

"அவங்க கைக்கே போகாது வெண்டல். பேரே வராதுன்னு கோரி சொல்லியிருக்கா."

"எழுதிக் குடுத்திருக்காளா?"

"எனக்குக் கடுதாசி போட்டிருக்கா. என் தங்கச்சி எனக்கு எழுதினா போதாதா?"

லெயோலா சும்மா இருப்பாளா? "இந்த வெல்டன்ல வெண்டல் ஒரே ஒரு தடவைதான் நிஜம் சொன்னாரு. கல்யாணத்தன்னிக்கு, பாதிரியார் கேட்டப்போ. அதுக்கப்புறம் பாவம், பழக்கம் விட்டுப்போச்சு."

எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கினதும் வெண்டல் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நான் உன் தங்கச்சிய நம்பலை. அவ எப்படி இருப்பான்னே மறந்து போச்சு. உன்ன நம்புறேன். நீ சொன்னா சரி." மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

கோரி, அந்த வார்த்தை எனக்கு உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் உண்மையான கோட்டுக் கணக்கையே எழுதிக் கொடுத்தார்கள். நானும் பாதிரியாரை விட்டுவிட்டேன், நடிகர்களை விட்டுவிட்டேன். உன் பச்சைக் கோட்டை மட்டும் விட மனம் வரவில்லை. அந்த ஒரு பொய்யை எனக்கு விட்டுவிடு.

போன தடவை கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. காசு கொடுப்பது யார்? நன்றித் திருநாளுக்கு வருவாயா?

அக்கா


பிலடெல்பியா
12 ஜனவரி 1997

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்து. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நன்றித் திருநாளும் போயிற்று, கிறிஸ்துமஸும் போயிற்று, நான் மேசையிலேயே இருந்தேன். தலைவலி அடிக்கடி வருகிறது. நீ அனுப்பிய கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உனக்கு ஒரு முழங்கால் பட்டி அனுப்பியிருக்கிறேன், பெருமை பார்க்காமல் கட்டிக்கொள்.

படிவங்கள் வந்து சேர்ந்தன. எல்லாருக்கும் நன்றி சொல்.

சில சின்ன விஷயங்கள். உங்கள் மண்டபத்தில் வருடத்துக்கு இன்னும் இரண்டு நாடகம் கூடுதலாகப் போட முடியுமா? வெண்டலின் ஆட்களில் நடிக்கத் தெரிந்தவர்கள் உண்டா? ரடிக் தம்பதி உங்கள் மேடைக்கே வந்துவிட்டால் அவர்களுக்குத் தனி இடம் எதற்கு என்று என்றைக்காவது பேசியிருக்கிறீர்களா? பெரிய காரணம் ஒன்றுமில்லை, ஆய்வாளர் புத்தி, எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும்.

மண்டபக் கூரை இன்னும் ஒழுகுகிறதா? பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று யாரிடமாவது கேட்டு வை.

அன்புடன்,
கோரி


வெல்டன்
23 பிப்ரவரி 1997

அன்புள்ள கோரி,

உடம்பைக் கவனி. பட்டி கட்டிக்கொண்டேன், மரக்கால் போட்ட கடற்கொள்ளைக்காரி மாதிரி நடக்கிறேன் என்று தெல்மா கேலி செய்கிறாள்.

தவக்காலம், வெள்ளிக்கிழமை தோறும் கோவிலில் மீன் வறுவல். நேற்று முன்தினம் வரிசையில் நின்றபோது உன் கேள்விகளை லெயோலாவிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "எங்க இடம் எங்களுக்கு எதுக்குன்னா கேக்கிறா?" என்றாள். நான் ஏதோ சமாளித்தேன்.

உனக்குப் புரியும் என்று நினைத்தேன், புரியாவிட்டால் சொல்கிறேன். இங்கே வெவ்வேறு கூட்டம் என்று கிடையாது. வெண்டலின் பாட்டைக் கேட்க வருவது என் நடிகர்கள். என் நாடகம் பார்க்க வருவது வெண்டலின் பாடகர்கள். பொம்மலாட்டத்துக்கு நாங்கள் எல்லாரும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அதே கோட்டுகள்தான் மண்டபம் மண்டபமாகச் சுற்றுகின்றன. எஃகு ஆலை மூடின பிறகு இந்த ஊரில் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேறு காரணம் இல்லை. ஒரு கொக்கியைப் பிடுங்கினால் எல்லா மண்டபத்திலும் ஒரு கோட்டு குறையும். இதை உன் எண்களில் எங்கேயாவது போட்டாயா?

வெண்டல் ஈஸ்டருக்குப் பெரிதாகத் திட்டம் போட்டிருக்கிறார். அடுத்த வருடப் பணத்தை நம்பிப் புது ஆர்கன் வாத்தியம் தவணைக்கு எடுத்துவிட்டார். "உன் தங்கச்சி எங்களப் பத்தி நல்லதா எழுதுவால்ல?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். எழுதுவாள் என்று நானும் சொல்கிறேன்.

மூன்றாவது தடவை கேட்கிறேன். காசு கொடுப்பது யார்?

அக்கா


வெல்டன்
20 ஏப்ரல் 1997

அன்புள்ள கோரி,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஈஸ்டருக்கு வாதுமை உருளை ரொட்டி அனுப்பினேன், கிடைத்ததா என்றுகூட ஒரு வரி இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். நீ கூட்டத்தில் இருக்கிறாய் என்று ஒரு பெண் சொன்னாள். எந்த அலுவலகம் என்று அவள் சொன்னது சரியாக விளங்கவில்லை, தொலைபேசியில் ஒரே இரைச்சல்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நலமா என்று மட்டும் எழுது.

அக்கா


வெல்டன்
3 ஜூன் 1997

கோரின்,

நீ நலமாகத்தான் இருக்க வேண்டும். நலமில்லாதவளால் இவ்வளவு கச்சிதமாக ஓர் அறிக்கை எழுத முடியாது.

ஹார்ட்விக் அறக்கட்டளையிலிருந்து எல்லாருக்கும் ஒரே நாளில் தபால் வந்தது. இனி இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு குழுவுக்குத்தான் பணமாம். மூன்று வருடத்துக்கு, முன்பைவிட அதிகமாக, கூரை பழுதுக்கும் சேர்த்து. அந்தக் குழு எங்களுடையது. மற்றவர்களுக்கு நன்றி, வாழ்த்து, விடை. கூடவே ஆய்வறிக்கையின் பிரதி. அட்டையில் ஹார்ட்விக் முத்திரை, உள்ளே முதல் பெயர் உன்னுடையது. மூன்று தடவை கேட்டேனே, அதற்குப் பதில் இப்படி அச்சடித்து வந்து சேர்ந்தது.

குழுக்களின் பெயரைப் போடவில்லை, உண்மைதான். "ஆற்றோரப் பாடகர் குழு ஒன்று" என்று போட்டிருக்கிறாய். ஆற்றோரம் எத்தனை பாடகர் குழு இருக்கிறது கோரின்?

நான் உட்கார்ந்து படித்தேன். "இப்பகுதியில் பாடுபவர்களையே கேட்பவர்களாகவும் எண்ணும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. ஒரு குழு கர்ப்பிணிகளை இருவராக எண்ணியுள்ளது. ஆகவே இவர்கள் முன்னர் அளித்த கணக்குகளை நம்ப இயலாது." இதை எந்தப் படிவத்தில் படித்தாய்? என் கடிதத்தில் படித்தாய். உன்னைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் எழுதியதை. நீயும் சிரித்தாய், பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.

அதே கடிதத்தில் என் திருட்டுத்தனத்தையும் எழுதியிருந்தேனே! பாதிரியார் எங்கே? தீயணைப்புக்காரர் எங்கே? அறிக்கை முழுக்கத் தேடினேன். என் குழுவுக்கு மட்டும் "கணக்கில் நேர்மை கொண்ட அமைப்பு" என்று பட்டம். அதோடு மூடி வைத்தேன்.

வெண்டல் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. வாசலிலேயே நின்றார்.

"பியரோகி பிடிச்சுக்கிட்டே எங்க கழுத்த அறுத்திருக்கே பெர்னி."

"எனக்குத் தெரியாது வெண்டல். சத்தியமாத் தெரியாது."

"உன் குழுவுக்கு மட்டும் கூரை போட்டுத் தர்றாங்க. உனக்கு மட்டும் தெரியாது."

"உள்ள வாங்க. உக்காந்து பேசலாம்."

"வயித்துப் பிள்ள விஷயம் லெயோலா உன்கிட்டத்தான் சொன்னா. வேற யார்கிட்டயும் சொல்லலை. அத மட்டும் யோசிச்சுப் பாரு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார். என் தங்கை, நான் எழுதிய கடிதம், என் கூரை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைப்பேன்.

நீ பதில் எழுது. தலைவலி, வேலை என்று ஆரம்பிக்காதே.

பெர்னடெட்


பிலடெல்பியா
20 ஜூன் 1997

அன்புள்ள அக்கா,

உன் உடம்பை விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வு மையம் ஹார்ட்விக்கின் ஒரு பிரிவுதான், நான் வேலைக்குச் சேரும் முன்பே ஹார்ட்விக் முடிவு செய்துவிட்டது. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவதை நிறுத்துவது, ஓர் ஊர்ப்பக்கத்துக்கு ஒரே ஒரு குழு. எது என்று சொல்லத்தான் ஆய்வு. நேர்காணலிலேயே சொன்னார்கள். நான் மறுத்திருந்தால் வேறு யாராவது செய்திருப்பார்கள், அவர்கள் கோப்பில் அப்போது நீங்கள் கடைசியில் இருந்தீர்கள் அக்கா. வெண்டல் முதலில். ஏனென்றால் அவர்தான் அதிகம் உப்ப வைத்திருந்தார்.

எல்லாரும் உண்மைக் கணக்குக் கொடுத்தால் நீ முன்னால் வருவாய் என்று எனக்குத் தெரியும். நீ கேட்டால்தான் அவர்கள் கொடுப்பார்கள் என்றும் தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்க வைத்தேன். சொல்லியிருந்தால் நீ செய்திருக்க மாட்டாய்.

உன் கடிதத்தை எடுத்தாண்டது தப்பு. கணக்கு மட்டும் போதாது, பழைய கணக்கு ஏன் பொய் என்று காரணம் காட்ட வேண்டும் என்றார்கள். பாதிரியாரை விட்டுவிட்டது ஏன் என்று கேட்கிறாய். நீ என் அக்கா.

ஒன்று மூழ்காமல் இருக்கிறதே என்று நினைத்துப் பார். நான் ஒன்றைக் காப்பாற்றினேன். உன்னைக் காப்பாற்றினேன்.

கோரி


பிலடெல்பியா
19 அக்டோபர் 1997

அன்புள்ள அக்கா,

நலமா? இது ஜூனுக்குப் பிறகு நான் போடும் நான்காவது கடிதம். முந்தைய மூன்றும் கிடைத்தனவா? குளிர் வந்துவிட்டது, முழங்கால் படுத்துமே.

கூரை வேலை முடிந்ததாக ஹார்ட்விக் அலுவலகத்தில் சொன்னார்கள். நவம்பர் கடைசியில் முதல் நாடகமாமே. நான் வரட்டுமா? பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறேன், யார் கண்ணிலும் பட மாட்டேன். ஒரு வரி எழுது. வேண்டாம் என்றாவது எழுது.

இந்த வருடத்துக் கணக்குப் படிவம் அலுவலகத்திலிருந்து தனியாக வரும். அது எல்லாருக்கும் போகும் வழக்கமான படிவம்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

என்றும் உன்,
கோரி


வெல்டன்
7 டிசம்பர் 1997

ஹார்ட்விக் அறக்கட்டளை ஆய்வுப் பிரிவுக்கு,

உங்கள் படிவம் கிடைத்தது. "மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு" என்று தொடங்கி, கீழே என் தங்கையின் கையெழுத்து அச்சாகியிருக்கிறது. நலம் விசாரிக்க அதில் இடம் விடவில்லை, அதனால் நானும் விசாரிக்கவில்லை.

முதல் கேள்வி, கட்டடத்தின் நிலை. மிக நன்று. கூரை ஒழுகவில்லை, கொதிகலன் புதிது, மண்டபம் வெதுவெதுப்பாக இருக்கிறது. இவ்வளவு சொகுசாக இந்த மண்டபம் என்றைக்கும் இருந்ததில்லை.

இரண்டாவது, பிற அமைப்புகளுடன் கூட்டு முயற்சி. முயன்றேன். வந்த பணத்தில் பாதியைப் பிரித்துக் கொடுக்கலாமா என்று ஹார்ட்விக்குக்கு எழுதினேன். விதியில் இடமில்லை என்றார்கள். என் கைக்காசை எடுத்துக்கொண்டு வெண்டல் வீட்டுக்குப் போனேன். "எடுத்துட்டுப் போ பெர்னி, உனக்குத்தான் வருமானம் ஜாஸ்தியாச்சே" என்றார். ஆர்கன் கம்பெனிக்காரர்கள் ஆகஸ்டில் வந்து ஆர்கனைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். பாடகர் குழு கலைந்துவிட்டது. ரடிக் தம்பதி ஒஹாயோவில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார்கள். பொம்மைகளை எங்கள் மண்டபத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். லெயோலா என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே, "அதுங்களும் கணக்குல சேர்ந்துடும்" என்றாள்.

மூன்றாவது, தொண்டர்கள். தெல்மா இப்போது கோட்டு எண்ண வருவதில்லை. சீசன் தொடங்கும் முன் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். போகும்போது கதவுப் பக்கத்துக் கொக்கியில் போன சீசனிலிருந்தே தொங்கிய பச்சைக் கோட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இது யாரோடதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? இத்தன வருஷமும் தெரிஞ்சேதான் எண்ணினேன். உனக்காக."

"தெல்மா..."

"வெண்டலுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். பெர்னியோட தங்கச்சி வந்திருக்கான்னு பேசிக்குவோம். சிரிக்கிறதுக்காக இல்ல."

அவள் போன பிறகு நான் கொஞ்ச நேரம் அழுதேன். இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

நான்காவது கேள்வி, அண்மையில் நடந்த நிகழ்ச்சிக்கு வந்தவர்கள். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. திரை தூக்கும் முன் நானே போய் எண்ணினேன். பழக்கதோஷத்தில் பச்சைக் கோட்டை அன்றும் மாட்டியிருந்தேன். அதைச் சேர்த்துப் பத்து. நடிகர்கள் திரை இடுக்கில் பார்த்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா, இன்னும் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் பார்த்தோம். யாரும் வரவில்லை. ஒருவரையொருவர் பார்க்க வந்தவர்கள் அவர்கள். பார்க்க ஆளில்லாத இடத்துக்கு எதற்கு வருவார்கள்? இதைப் பிப்ரவரியில் உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு எழுதியிருந்தேன்.

சோடா போடாத கணக்குத்தான் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஆகவே திருத்திக்கொள்ளுங்கள். ஒன்பது.

அந்தக் கோட்டு தனிப் பொட்டலமாக வருகிறது. துவைத்து, அறுந்த பொத்தானையும் தைத்துவிட்டேன். பிலடெல்பியாவிலும் குளிருமே, உடையவள் போட்டுக்கொள்ளட்டும். இங்கே அதை மாட்ட இடம் இல்லை, கொக்கியைப் பிடுங்கிவிட்டேன்.

பெர்னடெட் ஹுடாக்
இயக்குநர்